அஸ்தினாபுரத்தில் ஜலப்பிரளயம்

அஸ்தினாபுரம் தூய ஒநேசிமு ஆலயத்தின் லேப்டாப் மழை வந்தால் அணைந்துவிடும். வெளியே பெய்யும் மழைக்கு அணைவது மின்சாரம்தான். லேப்டாப் அணைவது திரைக்குள் பெய்யும் மழைக்கு.

வாலிபர்கள் கைபேசியில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, சபைகளுக்கெல்லாம் மேலான பேராயம் அந்த ஆண்டு மனம் வருந்தியது. வருந்தியதோடு நிற்காமல், அவர்கள் விரல்களுக்கு நல்ல வேலை கொடுக்க வேதாகமத்து வெள்ளக் கதையை வைத்து 'பேழை' என்றொரு வீடியோ கேமைச் செய்யச் சொல்லி, சபைகளுக்கிடையே போட்டியும் அறிவித்தது. விளையாடுகிறவர் மரம் வெட்டி, கப்பல் கட்டி, விலங்குகளை ஜோடி ஜோடியாக ஏற்ற வேண்டும். யானைகள் சொன்னபடி கேட்கும். பூனைகள் கேட்காது. எல்லாம் ஏறிய பிறகு கதவு சாத்தப்படும், வானம் கறுக்கும், முதல் துளி விழும். மற்ற சபைகளில் அதன் பிறகு ஜலப்பிரளயம் வந்தது. அஸ்தினாபுரத்தில் திரை இருண்டு, யாரோ மூச்சை விழுங்கியது போல ஒரு சத்தம் கேட்டு, லேப்டாப் அணைந்தது.

வேறு லேப்டாப்பில் விளையாடலாமே என்று கேட்கலாம். முடியாது. ஒவ்வொரு சபையும் தனக்கு அருளப்பட்ட கருவியில்தான் விளையாட வேண்டும் என்பது விதி. அதற்கு உக்கிராணத்துவம் என்று பெயர். கடவுள் கொடுத்த பொருளைப் பொறுப்பாக வைத்துக்கொள்வது என்று அர்த்தம்.

அந்தப் பொறுப்பு லாசரஸிடம் இருந்தது. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறவர். அதிகம் பேசாதவர். பேசாதவர்களுக்குச் சபைகளில் நல்ல எதிர்காலம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், ஒலி-ஒளி ஊழியத்துக்கு அவரைக் கன்வீனராகப் போடுவதில் யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்கப்பட்டது. லாசரஸுக்கு ஆட்சேபனை இருந்தது. அதை எப்படிச் சொல்லலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே 'ஏகமனதாக' என்று எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பாட்டு வரிகளைச் சுவரில் காட்டுவது அவர் வேலை. பாட்டுக்கு லேப்டாப் ஒருநாளும் அணைந்ததில்லை.

போட்டியில் சபைக்காக விளையாடியது அவருடைய மகள் ஜெரூஷா. பிளஸ் டூ முடித்திருந்தாள். பூனைகளுக்காகக் காத்திருக்கும் பொறுமை சபையில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. விலங்கியல் படிக்க விரும்பினாள். தாம்பரத்தைத் தாண்டி உள்ள ஒரு சிறுபான்மைக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைக்கும் மார்க் இருந்தது. சபைக் கமிட்டியின் பரிந்துரைக் கடிதம் மட்டும் வேண்டும்.

"கடிதம் ரெடி பண்ணலாம் லாசரஸ்," என்றார் கவுரவச் செயலர் டெனிஸ். தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், ஓய்வை ஒப்புக்கொள்ளாதவர். "ஆனா முதல்ல இந்த லேப்டாப் விவகாரம் முடியட்டும். கையில குடுத்த பொருளே மழையைப் பார்த்தா மயங்கி விழுது. இந்த நிலைமைல 'பொறுப்புள்ள குடும்பம்'னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? நீங்களே சொல்லுங்க."

லாசரஸ் லேப்டாப்பின் மூடியைச் சாத்தினார்.

கோளாறைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மறுநாள் மாலை ஆலய அலுவலறையில் ஜெரூஷா விளையாடினாள். முதல் துளி விழுந்ததும் லேப்டாப் அணைந்தது. அவள் அதைத் தூக்க முயன்று உடனே கீழே வைத்தாள்.

"அப்பா, தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது."

புரட்டினார்கள். லேப்டாப்பின் அடியில் காற்று போய்வரும் துளைகள் இருக்க வேண்டிய இடத்தில், ஓரம் முதல் ஓரம் வரை, ஒரு பித்தளைத் தகடு ஒட்டப்பட்டிருந்தது.

"பாட்டுக்கு இதுக்குப் பெரிசா வேலை இல்லப்பா. கேம்ல வெள்ளம் வரும்போது ஒவ்வொரு அலையையும் இது கணக்குப் போடணும். சூடாகும். சூடு வெளிய போக வழி இல்ல. எரிஞ்சு போறதுக்குப் பதிலா தானே ஆஃப் ஆயிடுது. நல்ல லேப்டாப்புதான்." தகட்டை நகத்தால் தட்டிப் பார்த்தாள். "இதை எடுத்துட்டா போதும்."

லாசரஸ் மகளைச் சற்று நேரம் பார்த்தார். அவளுக்கு விலங்குகளைப் பற்றித் தெரிந்த அளவு கமிட்டிகளைப் பற்றித் தெரியவில்லை.

தூய ஒநேசிமு ஆலயத்தில் பெயர் இல்லாத பொருள் கிடையாது. பெஞ்சின் முதுகில் பெயர் உண்டு. காணிக்கைப் பையின் காம்பில் உண்டு. மின்விசிறிகளின் இறக்கைகளில் உண்டு. ஓடும்போது அதைப் படிக்க முடியாது என்பதால், நன்கொடை கொடுத்த குடும்பம் ஆராதனைக்கு வரும் ஞாயிறுகளில் அந்த விசிறியை நிறுத்திவைப்பார்கள். அதனடியில் அந்தக் குடும்பம் நனைந்த சட்டையோடு மேலே பார்த்தபடி நிறைவாக உட்கார்ந்திருக்கும்.

லேப்டாப்பை வாங்கிக் கொடுத்தவர் ஞானஜோதி டீச்சர், மறைந்த தன் கணவரின் நினைவாக. தகட்டை மூடியின் மேல் ஒட்டுவதாகத்தான் முதலில் தீர்மானம். ஆனால் மூடியிருக்கும்போது நேராகப் படிக்கும்படி ஒட்டினால், திறக்கும்போது சபையாருக்குப் பெயர்கள் தலைகீழாகத் தெரியும். திறந்திருக்கும்போது நேராகத் தெரியும்படி ஒட்டினால், மூடும்போது கன்வீனருக்குத் தலைகீழாகத் தெரியும். பேராயரின் பெயர் எந்த நிலையிலும் தலைகீழாகக் கூடாது என்று ஒரு தரப்பு. லேப்டாப்பைத் திறக்காமலே வைத்திருந்தால் பிரச்சினை இல்லை என்று மறு தரப்பு. கடைசியில், திறந்தாலும் மூடினாலும் அசையாத ஒரே பக்கம் அடிப்பக்கம் என்பது கண்டறியப்பட்டது. அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் செலுத்தினார்கள்.

கமிட்டி கூடியது. லாசரஸ் தகட்டைப் பற்றிச் சொன்னார். சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு வாக்கியங்கள் போதுமானதாக இருந்தன. அவை கமிட்டிக்குப் போதவில்லை.

"பிரதர், ஒரு டெக்னிக்கல் பிரச்சினையை வெறும் டெக்னிக்கலா மட்டும் பார்க்கக் கூடாது," என்று ஆரம்பித்தார் டெனிஸ். "தகடு ஒட்டின நாள்லருந்து எத்தனை பாட்டு காட்டியிருக்கோம். ஒரு தடவையாவது அணைஞ்சிருக்கா? அப்ப தகடு பாட்டை ஏத்துக்குது. கேமை ஏத்துக்கல. கோளாறு தகட்டுல இருக்கா, கேம்ல இருக்கா?"

மூத்த உறுப்பினர் ஒருவர் கண்களை மூடியபடி எழுந்தார். இனி உலகத்தை வெள்ளத்தால் அழிப்பதில்லை என்று ஆண்டவர் வாக்குக் கொடுத்திருப்பதை நினைவூட்டினார். "மத்த சபைகள்ல வெள்ளம் வருதுன்னா, அது அவங்க ஆவிக்குரிய நிலைமை. நம்ம சபையில அந்த வாக்குத்தத்தம் நிறைவேறிக்கிட்டிருக்கு. நாம சந்தோஷப்படணும்."

கூட்டம் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டது.

"போட்டியில தோத்துடுவோமே," என்று சபைக் குருவான ஆயர் மெல்லக் கேட்டார். அவர் நல்லவர். அடுத்த ஆண்டு மாற்றலுக்குக் காத்திருந்தார்.

பொருளாளர் ஒரு வழி சொன்னார். ஜெரூஷா மழையைக் குறைத்து விளையாடட்டும். தூறல் போதும். முடிந்தால் விலங்குகளையும் குறைக்கட்டும். பாம்பு, தேள் எல்லாம் ஏறியே ஆக வேண்டுமென்று கட்டாயமா? இது தீர்மானமானது. மேலும், லேப்டாப்பை மின்விசிறிக்கு அடியில் வைத்து விளையாட அனுமதிக்கப்பட்டது. ஆனால் போட்டி நடக்கும் ஞாயிறன்று விசிறிக் குடும்பத்தின் நினைவுநாளும் வருவதால், அன்று அது நிறுத்தப்பட்டிருக்கும் என்பதும் பதிவு செய்யப்பட்டது.

"ஆட்சேபனை?" என்றார் டெனிஸ்.

லாசரஸ் யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஏகமனதாக."

அன்று வீட்டில் அவர் மனைவி கிருபா சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "லெட்டர் எப்ப தருவாங்களாம்?"

"மழை நின்னதும்."

"எந்த மழை?"

லாசரஸ் சாப்பிட்டார். கிருபா கரண்டியை வைத்தாள். "நீங்க பேசாம இருந்து பேசாம இருந்து, புள்ளைக்கு ஒரு காகிதம் வாங்க வக்கில்லாமப் போயிட்டோம். பேரு டீச்சர் வூட்டுக்காரர் பேருதான? டீச்சர் கிட்டயே போய்க் கேளுங்க."

கேட்கலாம் என்று லாசரஸுக்குத் தோன்றாமல் இல்லை. மறுநாள் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு மேடவாக்கம் போனார். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலை ஒரு தண்ணீர் லாரி அடைத்துக்கொண்டு நின்றது. லாரியின் டிரைவரும் வாட்ச்மேனும் யார் முதலில் நகர்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். லாசரஸ் சுவரோரமாக நுழைந்து மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

ஞானஜோதி டீச்சர் லேப்டாப்பை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். கண்ணாடியை மாட்டினார். விரலால் வரிவரியாகப் போனார். மேலே பேராயர், பட்டங்களோடு. பிறகு ஆயர். பிறகு கவுரவச் செயலர் டெனிஸ், வகித்த பதவிகளோடு. பிறகு பொருளாளர். பிறகு உறுப்பினர்கள், இரண்டு பத்தியாக. எல்லோருக்கும் கீழே, தகட்டின் விளிம்பு வளையும் இடத்தில், 'அமரர் தேவசித்தம் நினைவாக' என்று இருந்தது. விரல் அந்த இடத்தில் நின்றபோது விரலுக்கடியில் பெயர் மறைந்துவிட்டது.

"இவ்ளோ சின்னதாவா," என்றார்.

கீழே லாரி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. வெகுநேரம் இருவரும் பேசவில்லை. லாசரஸுக்கு அது சிரமமாக இல்லை.

"அவருக்குக் கடைசியில கண்ணு தெரியல. பாட்டுப் புஸ்தகத்தை மூக்குக்கிட்ட வெச்சுக்குவாரு. ஒருநாள், 'சுவத்துல பெரிசா எழுதிப் போட்டா நானும் பாடுவேன்ல'ன்னாரு. அவர் போன பிறகுதான் வாங்கித் தர முடிஞ்சுது. பேரு போடுங்கன்னு நான் சொல்லவே இல்லையே."

"செக்ரட்டரிதான் போட்டார்."

"டெனிஸா?" டீச்சர் முதல் முறையாகச் சிரித்தார். "எட்டாங்கிளாஸ்ல எங்கிட்ட படிச்சவன். டெஸ்க்குல காம்பஸால பேரைச் செதுக்கிட்டான்னு வெளிய நிக்க வெச்சேன். திரும்பி வந்து பார்த்தா, நின்ன இடத்துல சுவத்துலயும் எழுதி வெச்சிருந்தான்." லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார். "எடுத்துடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க. பொண்ணு நல்லா விளையாடட்டும்."

இரண்டாவது கமிட்டிக் கூட்டத்தில் லாசரஸ் இதைச் சொன்னார். டெனிஸ் கனிவாகக் கேட்டுக்கொண்டார்.

"டீச்சரோட தாழ்மை நமக்கெல்லாம் பாடம். ஆனா ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். அது கொடுத்தவங்களோட தகடு இல்ல. பிரதிஷ்டையோட தகடு. கொடுக்கிறது யாரு வேணாலும் கொடுக்கலாம். ஏத்துக்கிறதுக்கு ஒரு கமிட்டி வேணும். அந்தத் தகட்டுல இருக்கிற ஒவ்வொருத்தரும் அன்னிக்கு வேலை வெட்டியை விட்டுட்டு வந்து நின்னவங்க. நாளைக்குப் பேரை எடுத்துட்டா, நாங்க நின்னதுக்கு என்ன சாட்சி? எனக்காகச் சொல்லல. எனக்குப் பேர் மேல ஆசை கிடையாது. என் பேரு பதினாலு இடத்துல இருக்கு, எதையும் நான் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல."

எண்ணிக்கையைக் கேட்டுச் சிலர் தலையசைத்தார்கள். பொருளாளர் மட்டும் முகம் வாடினார். அவர் பெயர் அத்தனை இடத்தில் இல்லை.

ஒருவேளை அதனால்தான் அடுத்த வாரமே அவர் லேப்டாப்புக்கு ஒரு கூலிங் ஸ்டாண்டு நன்கொடையாகக் கொடுத்தார். உள்ளே சின்ன விசிறி சுற்றும்; லேப்டாப்பின் அடியில் காற்றடிக்கும். ஆராதனையின் முடிவில் அதற்குச் சுருக்கமாகப் பிரதிஷ்டை நடந்தது. லாசரஸ் அதை வாங்கி பிளக் பாயிண்ட்டில் செருகினார். விசிறி சுற்றவில்லை. குனிந்து பார்த்தார். விசிறியின் வலைமேல் ஒரு தகடு இருந்தது.

"சைஸ் கரெக்டா இருக்கா பிரதர்?" என்று கேட்டார் பொருளாளர்.

"கரெக்டா இருக்கு சார்," என்றார் லாசரஸ்.

வட்டாரப் போட்டிக்கு முந்தைய சனிக்கிழமை அவர் மீன் வாங்கப் போனார். மார்க்கெட் முனையில் பாப்பா உட்கார்ந்திருப்பாள். கோவளத்துப் பக்கமிருந்து விடியலில் மீனோடு வருகிறவள். மீன்களுக்கடியில் ஐஸ் நொறுங்கிக் கிடந்ததை லாசரஸ் நின்று பார்த்தார். வெயிலில் மற்றதெல்லாம் காய்ந்துகொண்டிருக்க, அந்தக் கூடைக்குள் மட்டும் குளிர்ந்திருந்தது.

"இன்னா சார், மீன மொறச்சிகினே நிக்கிற? சங்கரா கீது, வவ்வாலு கீது."

"மீன் வேணாம்க்கா. நாளைக்குக் கொஞ்சம் ஐஸ் மட்டும் குடுப்பீங்களா?"

"ஐஸு இன்னாத்துக்கு? வூட்ல யாருக்கானா காய்ச்சலா?"

லாசரஸ் பையைத் திறந்து லேப்டாப்பைக் காட்டினார். "இதுக்குத்தான்."

பாப்பா எட்டிப் பார்த்தாள். தகடு வெயிலில் மின்னியது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டாள்: "செத்துப்போனவங்க பேரா சார்?"

"ஒருத்தர்தான் செத்துட்டார். மத்தவங்கல்லாம் உயிரோடதான் இருக்காங்க."

"உயிரோட கீறவங்க பேரை இன்னாத்துக்கு இப்பவே வெட்டி வெச்சிகினு கீறீங்க?"

லாசரஸ் இதற்குப் பதில் யோசித்தார். அதற்குள் இன்னொருவர் நெத்திலி கேட்டார். பாப்பா அவருக்கு நிறுத்துக்கொண்டே சொன்னாள்: "காலைல வா, தரேன். மீனு நாத்தம் வந்தா என்னக் கேக்காத."

போட்டி அஸ்தினாபுரம் ஆலய மண்டபத்திலேயே நடந்தது. வட்டாரத்துச் சபைகள் எல்லாம் வந்திருந்தன. மேசைமேல் ஒரு தாம்பாளத்தில் ஐஸைப் பரப்பி, பாடகர் குழுவின் வெள்ளைத் துணியை முன்பக்கம் தொங்கவிட்டு அதை மறைத்து, இரண்டு பக்கமும் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி அவற்றின்மேல் லேப்டாப்பை வைத்தார் லாசரஸ். பொருளாளரின் ஸ்டாண்டு பெயர் தெரியும்படி பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. நினைவுநாள் குடும்பம் ஓடாத விசிறியின் கீழ் வேர்த்துக்கொண்டிருந்தது. மண்டபத்தில் மெல்லிய மீன் வாசனை பரவியது. பேராயத்திலிருந்து வந்த வாலிபர் இயக்குநர் அதை மூச்சில் இழுத்து, முதல் சீடர்கள் மீனவர்களே என்று தன் உரையைத் தொடங்கினார். உரை நீளமாக இருந்தது. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

ஜெரூஷா உட்கார்ந்தாள். கப்பல் வேகமாக எழுந்தது. யானைகள் ஏறின. பாம்பும் தேளும்கூட ஏறின. அவள் கமிட்டித் தீர்மானத்தை மதிக்கவில்லை. பூனைகளுக்காகக் காத்திருந்தாள். மண்டபமே காத்திருந்தது. பூனைகள் வந்து, வாசலில் உட்கார்ந்து, முகம் கழுவி, உள்ளே போயின. கதவு சாத்தப்பட்டது. சுவர் முழுக்க வானம் கறுத்தது.

முதல் துளி விழுந்தது.

லாசரஸ் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணுக்குள் மகளின் கல்லூரி வாசல் தெரிந்தது. அதுவும் இருட்டாகத்தான் இருந்தது. பிறகு மழைச் சத்தம் கேட்டது. நிற்கவில்லை. கண்ணைத் திறந்தபோது தண்ணீர் மரங்களின் கழுத்து வரை வந்திருந்தது. அஸ்தினாபுரத்துச் சபை தன் முதல் ஜலப்பிரளயத்தை வாய்திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. நிஜ மழைக்கே வீடுகளுக்குள் வெள்ளம் புகும் முடிச்சூரிலிருந்து வந்திருந்த ஒருவர் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அதே நேரத்தில் மேசையிலிருந்து உருகிய தண்ணீர் சொட்டி, முன்வரிசையின் கால்களுக்கடியில் ஓடியது. சிலர் கால்களைப் பெஞ்சின்மேல் தூக்கி வைத்தார்கள்.

அப்போதுதான் 'டங்' என்று ஒரு சத்தம். சூட்டில் இளகி, குளிரில் விறைத்து, மறுபடி இளகிச் சலித்துப்போன பசை கடைசியில் கைவிட்டது. தகடு தாம்பாளத்தில் விழுந்தது. வாங்கிய நாளிலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்த லேப்டாப் உள்ளிருந்து நீளமாக ஒரு மூச்சு விட்டது. ஜெரூஷாவின் முன்னெற்றி முடி அந்தக் காற்றில் பறந்தது. கப்பல் மிதந்தது.

அஸ்தினாபுரம் முதலிடம் பெற்றது.

கைதட்டல் முடிவதற்குள் டெனிஸ் மேசைக்கு வந்துவிட்டார். வெள்ளைத் துணியை விலக்கினார். ஐஸ் துண்டுகளுக்கிடையில் தகடு வவ்வால் மீனைப் போல ஒருக்களித்துக் கிடந்தது. இரண்டு கைகளாலும் அதை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, மூன்றாவது வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீறல் எதுவும் இல்லை.

அன்று மதியமே அவசரக் கமிட்டி கூடியது. சுழற்கோப்பை ஒரு மூலையில் இருந்தது. அதைப் பற்றிப் பேச நேரம் இல்லை.

"வெற்றி ஆண்டவருடையது. வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு?" என்று தொடங்கினார் டெனிஸ். "ஒரு பேராயரோட பேரு மீன் ஐஸ்ல கிடந்திருக்கு. இந்த லேப்டாப் இன்னும் ரெண்டு வருஷத்துல குப்பைக்குப் போயிடும், பிரதர். பொருள் நிலைக்காது. பேருதான் நிலைக்கணும்."

"அந்தக் கப்பல்ல கட்டினவர் பேரை எழுதி வெச்சதாத் தெரியலையே," என்றார் ஆயர், மேசையைப் பார்த்துக்கொண்டு.

"அதனாலதான் ஐயா, அந்தக் கப்பல் இப்ப எங்க கிடக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல."

தகடு மறுபடி ஒட்டப்பட வேண்டும். ஒட்டியது உறுதியானதும் பரிந்துரைக் கடிதம் கொடுக்கப்படும் என்று தீர்மானம் வந்தது. கல்லூரியின் கடைசித் தேதிக்கு அந்த வாரம்தான் மிச்சம் இருந்தது.

"ஆட்சேபனை?"

"மூடி மேல ஒட்டலாம்," என்றார் லாசரஸ்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சிலருக்கு அவர் குரலே அப்போதுதான் அறிமுகம். பிறகு ஒருவர், "மூடினா நேரா இருக்கணுமா, திறந்தா நேரா இருக்கணுமா?" என்று கேட்டார். வெளிச்சம் மங்கும்வரை அந்த விவாதம் நடந்தது. அதன்பின் தகடு லேப்டாப்பின் அடியில் ஒட்டப்பட்டது. இம்முறை பசை கல்லறைக் கல் பதிக்கிறவர்களிடமிருந்து வாங்கப்பட்டது. அழுத்திப் பிடிக்கும் வேலை கன்வீனருக்கு. அடியில் இருந்த துளைகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்தபடி லாசரஸ் அழுத்திப் பிடித்தார்.

ஒட்டப்பட்ட உறையில் கடிதம் வந்து சேர்ந்தபோது கடைசி நாள் ஆகிவிட்டது. அப்பாவும் மகளும் நேராகக் கல்லூரிக்குப் போனார்கள். வரிசை மெல்ல நகர்ந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் உறையைக் கிழித்து, கடிதத்தைப் படித்து, பின்பக்கம் திருப்பி, மறுபடி முன்பக்கம் படித்தாள்.

"பொண்ணு பேரு எங்க சார்?"

லாசரஸ் வாங்கிப் பார்த்தார். உச்சியில் பேராயர். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை கமிட்டி உறுப்பினர்கள், பட்டங்களோடு. நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, 'எமது சபையின் அருமை மகளை, கவுரவச் செயலர் திரு. டெனிஸ் அவர்களின் அயராத முயற்சியினால், பேராயரின் ஆசியோடு மனமாரப் பரிந்துரைக்கிறோம்' என்று இருந்தது. கீழே கையெழுத்துகள், அவற்றின் கீழே அந்தப் பெயர்கள் மறுபடியும் அச்சில், அவற்றின்மேல் முத்திரைகள். ஜெரூஷாவின் பெயர் எங்கேயும் இல்லை.

"இதுல நெறைய பேர் இருக்காங்க," என்றாள் கவுன்ட்டர் பெண். நாள் முழுக்க இப்படிப்பட்ட கடிதங்களைப் பார்த்தவளின் குரல். "யாருக்கு சீட்டு? டெனிஸுக்கா?"

"அவர் செக்ரட்டரி."

"பிளஸ் டூல எவ்வளவு?"

"யாரு?"

"டெனிஸு."

லாசரஸ் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"பேரு இல்லாம நான் என்ட்ரி போட முடியாது சார். நாலு மணிக்கு க்ளோஸ். மாத்தி வாங்கிட்டு வர முடியுமா?"

கமிட்டி இனி அடுத்த மாதம்தான் கூடும். லாசரஸ் கடிதத்தைப் பார்த்தபடியே நின்றார். பின்னால் இருந்தவர் செருமினார். ஜெரூஷா கவுன்ட்டரில் நூல் கட்டித் தொங்கிய பேனாவை எடுத்தாள். கடிதத்தை அப்பாவின் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். எங்கே எழுதுவது என்று தேடினாள். மேலே இடமில்லை. கீழே இடமில்லை. நடுவில் இருந்த இடத்தில் ஒரு முத்திரை வழிந்து வந்திருந்தது. லாசரஸுக்குத் தடுக்க வேண்டும் என்று தோன்றியது. எப்படிச் சொல்லலாம் என்று யோசித்தார்.

அவள் உச்சியிலும் இடது ஓரத்திலும் இருந்த பெயர்களின் மேலேயே எழுதினாள். பேராயரின் பட்டங்களில் தொடங்கி, செயலர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லோர் மேலும் குறுக்காக, பெரிய எழுத்தில், லா. ஜெரூஷா. ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை அழுத்தினாள்.

கவுன்ட்டர் பெண் கடிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இப்ப தெரியுது," என்றாள். முத்திரை குத்தினாள்.

திரும்பும் பஸ் சானடோரியத்தைத் தாண்டியது. பிறகு ஜெரூஷா கேட்டாள்: "தப்பாப்பா? எல்லார் பேர் மேலயும் எழுதிட்டேன்."

லாசரஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடம் விட்டிருந்தா பக்கத்துல எழுதியிருப்ப," என்றார்.

ஜெரூஷா இப்போது விலங்கியல் படிக்கிறாள். ஞாயிறுதோறும் லேப்டாப் பாட்டுகளைப் பெரிய எழுத்தில் சுவரில் காட்டுகிறது. முன்வரிசையில் ஞானஜோதி டீச்சர் புத்தகம் இல்லாமல் பாடுகிறார். போட்டியில் வென்றதைக் குறிக்க இன்னொரு தகடு செய்யப்பட்டு, முதல் தகட்டின் மேலேயே ஒட்டப்பட்டது. அதில் இப்போதைய கமிட்டியின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. சில மாலைகளில் யாராவது ஒரு வாலிபர் பேழையை விளையாட உட்காருவார். யானைகள் ஏறும். பொறுமை இருந்தால் பூனைகளும் ஏறும். கதவு சாத்தப்படும், வானம் கறுக்கும். அஸ்தினாபுரத்தில் அதற்குப் பிறகு ஜலப்பிரளயம் வரவில்லை.